வெண்ணெயிற் கலந்த கஞ்சா

வட இந்தியாவிற் சிவராத்திரி, ஹோலி ஆகிய விழாக்களின்போது, காசி முதலிய நகரங்களிற் பாங் கலந்த பாலையும் தண்டாய் என்னும் பானத்தையும் அருந்தும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அதே இலையை நெய்யிற் காய்ச்சிச் சர்க்கரையும் பாலும் கூட்டிக் கிளறும் மாஜூன் என்னும் இனிப்பும் பழமையானதே. அண்மைக் காலத்திலோ, அமெரிக்கா, கனடா முதலிய நாடுகளிற் கஞ்சா கலந்த வெண்ணெயை வீட்டிலேயே காய்ச்சி, அதனைக் கொண்டு பிஸ்கோத்தும் கேக்கும் செய்யும் வழக்கம் பரவியிருக்கிறது. அதன் செய்முறைகள் செல்பேசியின் வழியாக நம் நாட்டு இளைஞரின் கைக்கும் வந்து சேர்ந்துவிட்டன.

இவ்வெண்ணெயைப் பற்றி இரண்டு கூற்றுகள் வழங்குகின்றன. புகை இல்லாமையால் இதில் தீங்கில்லை என்பது ஒன்று; வீட்டிற் செய்யப்படுவதால் இது தூயது என்பது மற்றொன்று. புகையினால் நுரையீரலுக்கு வரும் கேடு இதில் இல்லை என்பது உண்மையே. ஆயினும் அதனினும் கடுமையான வேறொரு கேடு இதில் ஒளிந்துள்ளது. வீட்டிற் காய்ச்சிய வெண்ணெயில் மயக்கப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதைக் காய்ச்சியவரும் அறியார், உண்பவரும் அறியார். கண்ணும் நாவும் மூக்கும் அதை அளந்து கூற மாட்டா. இவ்வுண்மையின் காரணங்களைக் களப்பணியாளரும் ஆசிரியரும் தெளிவாக உணர்ந்திருத்தல் வேண்டும்.

2019-ஆம் ஆண்டில் வெளியான தேசிய ஆய்வின்படி, 10 முதல் 75 வயது வரை உள்ள இந்தியருள் ஏறத்தாழ 3 கோடியே 10 லட்சம் பேர், அதாவது நூற்றுக்கு 2.8 பேர், ஆய்வுக்கு முந்திய ஓராண்டிற் கஞ்சாச் செடியிலிருந்து பெறும் ஏதேனும் ஒரு பொருளைப் பயன்படுத்தியவராவர். அவர்களுட் பாங் உட்கொண்டோர் ஏறத்தாழ 2 கோடியே 20 லட்சம் பேர். ஆகவே இது எங்கோ தொலைவில் நிகழும் செய்தியன்று.

செடியும் அதன் பிசினும்

கஞ்சாச் செடிக்குத் தாவர நூலார் 'கன்னாபிஸ் சட்டைவா' என்று பெயரிட்டுள்ளனர். ஆண் செடியும் பெண் செடியும் பெரும்பாலும் தனித்தனியே வளர்கின்றன. பெண் செடியின் பூங்கொத்துகளிலும் அவற்றை அடுத்த சிற்றிலைகளிலும் நுண்ணிய சுரப்பி மயிர்கள் நெருங்கி அமைந்துள்ளன. அவற்றின் நுனியிற் பிசின் ஊறித் திரள்கிறது. மயக்கம் தரும் பொருள் இப்பிசினிலேயே உள்ளது.

ஒரே செடியிலிருந்து பெறப்படும் மூன்று பொருள்களை நம் நாட்டார் பன்னெடுங்காலமாகப் பிரித்தறிந்து வந்துள்ளனர். இலையிலிருந்து பெறுவது பாங். பெண் செடியின் பூந்தலைகள் கஞ்சா. பிரித்தெடுத்த பிசின் சரஸ். பாங் மூன்றினுள்ளும் வலிமை குன்றியது. சரஸ் வலிமை மிக்கது. விதையில் மயக்கப் பொருள் இல்லை. உத்தராகண்ட் மலைவாழ் மக்கள் இவ்விதையை வறுத்துத் துவையல் அரைத்து உண்கின்றனர். 2021-ஆம் ஆண்டில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் இவ்விதையையும் விதையெண்ணெயையும் வரையறைகளுக்கு உட்பட்ட உணவுப் பொருள்களாக ஏற்றுக்கொண்டது. எனவே இச்செடியின் பெயரைக் கேட்டவுடன் எல்லாவற்றையும் ஒன்றாகக் கருதிவிடுதல் தவறு. எந்த உறுப்பு என்பதை முதலில் வினவ வேண்டும்.

பிசினில் உள்ள பல பொருள்களுள் மயக்கத்திற்குத் தலையாய காரணமாயிருப்பது 'டெட்ராஹைட்ரோகன்னாபினால்' என்பதாகும். இஸ்ரேல் நாட்டைச் சேர்ந்த ரஃபேல் மெக்கூலம், யெஹியேல் கவோனி என்னும் இரு விஞ்ஞானிகள் 1964-ஆம் ஆண்டில் இதனைத் தூய நிலையிற் பிரித்து அதன் அமைப்பை விளக்கினர். பெயர் நீண்டதாகையால் இக்கட்டுரையில் இதனை மயக்கப் பொருள் என்றே குறிப்போம்.

நீர் செய்யாததை வெண்ணெய் செய்வது ஏன்?

இம்மயக்கப் பொருள் நீரிற் கரைவதில்லை என்றே கூறலாம். கொழுப்பிலும் சாராயத்திலும் நன்கு கரையும். பாங்கைப் பாலோடும் பாதாம் பருப்போடும் அரைப்பதும், மாஜூன் செய்வோர் நெய்யை நாடுவதும் இதனாலேயே. இரசாயன நூல் தோன்றுமுன்னரே மக்கள் பட்டறிவினால் இதனைக் கண்டுகொண்டனர்.

இதை விளக்க ஆசிரியர் கஞ்சாவைத் தேட வேண்டுவதில்லை. மஞ்சள் தூளே போதும். ஒரு கண்ணாடிக் குழாயில் நீரும் மற்றொன்றில் தேங்காயெண்ணெயும் எடுத்து, இரண்டிலும் சிறிது மஞ்சள் தூளை இட்டுக் குலுக்கிச் சற்று நேரம் நிறுத்தி வைக்கலாம். நீர் கலங்கித் தோன்றினும் தூளின் பெரும்பகுதி அடியிற் படியும். எண்ணெயோ தெளிந்த மஞ்சள் நிறம் பெறும். மஞ்சளின் நிறப்பொருள் நீரைவிட எண்ணெயில் எளிதிற் கரைவதே காரணம். மிளகாய் வற்றலைத் தாளிக்கும்போது எண்ணெய் சிவப்பதும் இவ்வகையினதே.

இங்கே ஒரு வேறுபாட்டை மாணவருக்கு எடுத்துக் காட்டலாம். மஞ்சள் எண்ணெயிற் கரைந்தால் நிறம் அதைக் காட்டிக்கொடுக்கிறது. மிளகாய் கரைந்தால் நாவு அதை அறிவிக்கிறது. கஞ்சாவின் மயக்கப் பொருளுக்கு அத்தகைய அடையாளம் இல்லை. வெண்ணெயிற் காணும் பச்சை நிறம் இலையின் பச்சையத்தால் வருவது. அது மயக்கத்தின் அளவுகோல் அன்று. நல்ல பச்சையாயிருக்கும் வெண்ணெய் வலிமை குன்றியதாகவும், வெளிறிய வெண்ணெய் மிகக் கொடியதாகவும் இருத்தல் கூடும்.

வெப்பத்தின் வேலை

பசுஞ்செடியில் மயக்கப் பொருள் தன் இறுதி வடிவில் இருப்பதில்லை. அமில வடிவிலேயே பெரும்பாலும் இருக்கிறது. அவ்வமிலம் மயக்கம் தருவதன்று. வெப்பம் பட்டவுடன் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு கரியமிலவாயு மூலக்கூற்றை இழந்து மயக்கப் பொருளாக மாறுகிறது. அமிலத்தின் மூலக்கூற்று எடை ஏறத்தாழ 358. மயக்கப் பொருளினது 314. ஆகவே 100 மில்லிகிராம் அமிலம் முழுவதும் மாறினால் 88 மில்லிகிராம் அளவே கிடைக்கும். எஞ்சியது வாயுவாய்ப் பிரிந்து செல்லும். இலையை உலர்த்திச் சேமிக்கும் காலத்திலும் இம்மாற்றம் மெல்ல நடைபெறுகிறது. பழைய இலைக்கும் புதிய இலைக்கும் வேறுபாடு தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

கல்கத்தா மருத்துவக் கல்லூரியிற் பேராசிரியராயிருந்த வில்லியம் ஓஷானசி என்பவர், 1839-ஆம் ஆண்டில் இச்செடியைப் பற்றிய தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். இந்தியாவில் மின்தந்திக் கம்பிகள் அமைவதற்கு முன்னின்று உழைத்தவரும் இவரே. நகரில் மாஜூன் செய்வோரிடம் அவர்தம் முறையைக் கேட்டறிந்து அவர் குறித்து வைத்தார். இலையையும் நெய்யையும் நீரோடு கூட்டிக் கரியடுப்பிற் காய்ச்சுவர் என்றும், பாத்திரத்தில் எழும் வெடிப்போசையைக் கொண்டே நீர் வற்றிவிட்டதை அறிவர் என்றும் அவருடைய குறிப்புக் கூறுகிறது.

அந்த ஓசையின் பொருளை இன்று நாம் நன்கு விளக்க இயலும். வெண்ணெயில் நூற்றுக்கு 80 பங்குக்குக் குறையாத கொழுப்பும், 16 பங்கு வரை நீரும் உள்ளன. நீர் இருக்குமளவும் காய்ச்சும் கலவையின் வெப்பநிலை 100 சென்டிகிரேடு பாகையை விட்டு அதிகம் உயர்வதில்லை; கொடுக்கும் வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. நீர் வற்றியவுடன் வெப்பநிலை விரைந்து ஏறும். வெண்ணெயை உருக்கும்போது சடசடப்பு அடங்குவதையும், இட்ட முருங்கையிலை முறுகுவதையும் பதமெனக் கொள்ளும் இல்லத்தரசியர் இதை நன்கறிவர். வெறும் வெண்ணெயையும், 200 பாகை வரை காட்டும் வெப்பமானியையும் கொண்டு ஆசிரியர் இதை வகுப்பிலேயே செய்து காட்டலாம்.

கஞ்சா கலந்த வெண்ணெயில் இச்சிறு நிகழ்ச்சியே பெரிய வேறுபாடுகளை விளைவிக்கிறது. நீர் வற்றுமுன் இறக்கினால் அமிலத்தின் ஒரு பகுதி மாறாமல் நிற்கும். வற்றிய பின்னும் சிறிது நேரம் அடுப்பில் இருந்தால் மாற்றம் விரைந்து முற்றும். மேலும் காய்ந்தால் மயக்கப் பொருளே சிதையத் தொடங்கும். அடுப்பின் அனல், பாத்திரத்தின் கனம், கிளறும் கை ஆகியவை வேறுபடுந்தோறும் விளைவும் வேறுபடும். ஒரே இலையை ஒரே வீட்டில் இருமுறை காய்ச்சினும் இரு வேறு வலிமையுள்ள வெண்ணெய் கிடைப்பது இயல்பே.

ஓர் எளிய கணக்கு

உலர்ந்த பொருள் 10 கிராம் எடுத்துக்கொண்டதாகக் கொள்வோம். அதில் மயக்கப் பொருள் நூற்றுக்கு ஒரு பங்கு இருப்பின் மொத்தம் 100 மில்லிகிராம் ஆகும். ஐந்து பங்கு இருப்பின் 500 மில்லிகிராம். பதினைந்து பங்கு இருப்பின் 1,500 மில்லிகிராம். இக்காலத்துப் பயிரிடப்படும் சில வகைகளில் 15 பங்கும் அதற்கு மேலும் காணப்படுதல் அரிதன்று. இது முழுவதும் வெண்ணெயில் இறங்கி, அவ்வெண்ணெய் 20 இனிப்புகளிற் சமமாகப் பரவுமாயின், ஓர் இனிப்பில் 5 அல்லது 25 அல்லது 75 மில்லிகிராம் இருக்கும். உருவிலும் சுவையிலும் மூன்றும் ஒன்றே.

இவ்வெண்களின் பொருளை உணர ஓர் ஒப்புமை தேவை. விற்பனையைச் சட்டப்படி அனுமதித்த அமெரிக்காவின் கொலராடோ மாநிலம், பெரியவர் ஒருவருக்குரிய ஒரு வேளை அளவு 10 மில்லிகிராமை மிஞ்சலாகாது என வகுத்தது. கனடா 2019-ஆம் ஆண்டில் இவ்வகை உணவுகளை அனுமதித்தபோது, ஒரு பொட்டலம் முழுவதிலுமே 10 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என விதித்தது. ஆய்வுக் கூடத்தில் அளந்து விற்கும் நாடுகளே இத்தகைய வரம்புகளை வேண்டுகின்றன. அளவே அறியாத சமையலறைக்கு வரம்பு எங்கிருந்து வரும்? மேலும், கலவை சமமாகப் பரவும் என்பதும் உறுதியன்று. ஒரே தட்டில் ஓரத்துத் துண்டு வலிமை குன்றியும் நடுத்துண்டு மிகுந்தும் இருக்கலாம்.

இக்குறை புதிதன்று. கடந்த நூற்றாண்டுகளில் இச்செடியை மருந்தாக வழங்கிய மேல்நாட்டு மருத்துவரும், ஒரு புட்டியிற் பயன் தராத மருந்து மறு புட்டியில் நோயாளியை மயக்கியதைக் கண்டு சலித்தனர். அமெரிக்க மருந்து நூலிலிருந்து 1942-ஆம் ஆண்டில் இது நீக்கப்பட்டதற்குச் சட்டத்தின் நெருக்கடி ஒருபுறமிருக்க, இந்நிலையின்மையும் பின்னணியாய் இருந்தது.

உடலிற் செல்லும் வழி

புகையாக உட்கொள்ளும்போது மயக்கப் பொருள் நுரையீரல் வழியே சில நிமிடங்களில் மூளையை அடைகிறது. உண்ணும்போது இரைப்பையையும் குடலையும் கடந்து ஈரலை அடைந்த பின்னரே இரத்தத்தில் பரவும். ஈரல் அதன் ஒரு பகுதியை, மூளையுள் எளிதிற் புகும் மற்றொரு வலிய பொருளாக மாற்றுகிறது. ஆகவே உண்டவருக்கு அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை யாதொரு மாறுதலும் தெரியாதிருக்கலாம். அதன் பின்னர் எழும் மயக்கம் இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் உச்சமடைந்து, எட்டு மணி நேரமும் அதற்கு மேலும் நீடிக்கலாம். உண்ட அளவில் எப்பகுதி இரத்தத்தை அடையும் என்பதும் ஆளுக்கு ஆள் வேறுபடும்; ஒருவரிடமே வேளைக்கு வேளை வேறுபடும்.

இத்தாமதமே பலரை வீழ்த்துகிறது. 2014-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கொலராடோவில் நிகழ்ந்த ஒன்றை அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் மறு ஆண்டில் வெளியிட்டது. பத்தொன்பது வயது இளைஞர் ஒருவருக்கு, 65 மில்லிகிராம் மயக்கப் பொருள் அடங்கிய பிஸ்கோத்து ஒன்றை அவருடைய நண்பர் வாங்கிக் கொடுத்தார். விற்றவர் கூறியவாறே முதலில் ஒரு சிறு துண்டையே உண்டார். அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழிந்தும் ஒன்றும் தெரியாமையால் எஞ்சியதையும் உண்டுவிட்டார். அடுத்த இரண்டு மணி நேரத்தில் அவர் பேச்சும் நடத்தையும் பிறழ்ந்தன. முதல் துண்டை உண்ட மூன்றரை மணி நேரத்தில் நான்காம் மாடி முகப்பிலிருந்து குதித்து உயிர் துறந்தார். அவர் உண்ட பிஸ்கோத்தில் அளவு அச்சிடப்பட்டிருந்தது என்பதை நாம் கருத வேண்டும். வீட்டு வெண்ணெயில் அதுவும் இல்லை.

குழந்தையும் இனிப்பும்

பெரியவர் தம் விருப்பால் உண்கின்றனர். குழந்தையோ இனிப்பு என்று எண்ணி உண்கிறது. அமெரிக்க நஞ்சுத் தகவல் மையங்களுக்கு, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் கஞ்சா கலந்த உணவை அறியாது உண்டதாக 2017-இல் வந்த செய்திகள் 207. 2021-இல் வந்தவை 3,054. நான்கே ஆண்டுகளில் ஏறத்தாழ பதினைந்து மடங்கு பெருகிய இவ்வெண், இனிப்பின் வடிவில் வைக்கப்படும் மயக்கப் பொருளின் இயல்பை நமக்குக் காட்டுகிறது. அவ்வைந்தாண்டுச் செய்திகளில் இறப்பு எதுவும் பதிவாகவில்லை. ஆயினும் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்ட குழந்தைகள் பலர்.

இத்தகைய குழந்தையிடம் காணும் குறிகள் இவை: காரணமின்றி மேலிடும் உறக்கம், தள்ளாடும் நடை, வாந்தி, நாடித் துடிப்பில் மாறுதல், அழைத்தாலும் விழியாமை. சில குழந்தைகளுக்கு மூச்சும் தளரக்கூடும். பெரியவருக்குச் சிறிதாகத் தோன்றும் துண்டே குழந்தையின் எடைக்குப் பன்மடங்காகும்.

அந்நேரத்தில் எலுமிச்சைச் சாறும் புளித்த தயிரும் மயக்கத்தைத் தெளிவிக்கும் என்று நம்பி வாயிற் புகட்டுவோர் உளர். இது பெரிதும் ஆபத்தானது. உறக்கத்தில் ஆழ்ந்த குழந்தையின் வாயிற் புகட்டுவது மூச்சுக் குழலினுட் சென்று உயிருக்கே தீங்காகலாம். வாந்தி எடுக்கச் செய்யவும் முயலலாகாது. குழந்தையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கிடத்தி, மூச்சைக் கவனித்தவாறே, 108 அல்லது 112 என்னும் எண்ணில் உதவி கோரி மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இதற்கென மாற்று மருந்து எதுவும் இல்லை. மூச்சையும் இரத்த ஓட்டத்தையும் காத்து, நஞ்சு தானே தீரும்வரை பேணுவதே மருத்துவமாகும். எஞ்சிய இனிப்பையும் உடன் எடுத்துச் செல்லுதல் நன்று.

பெற்றோர் அச்சத்தாலும் நாணத்தாலும் உண்மையை மறைப்பதே மிகப் பெரிய இடையூறு. காரணம் தெரியாத மருத்துவர் மூளைக் காய்ச்சலோ வேறு கொடிய நோயோ என ஐயுற்று, தேவையற்ற சோதனைகளில் அரிய நேரத்தைச் செலவிட நேரும். "குழந்தை என்ன உண்டது என்பதை மருத்துவரிடம் உள்ளபடி கூறுங்கள்" என்னும் ஒரு வாக்கியத்தை வீடுதோறும் சேர்ப்பது களப்பணியாளரின் தலையாய பணி எனலாம்.

சட்டம் கூறுவது

1893-இல் அமைக்கப்பட்ட இந்தியச் சணல் மயக்கப் பொருள் ஆணைக்குழு ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை வினவி, 1894-இல் தன் அறிக்கையை அளித்தது. அளவோடு கொள்வதனாற் பெருங்கேடு காணப்படவில்லை என்றும், மிகையாகக் கொள்வது உடலுக்கும் உள்ளத்துக்கும் தீங்கு என்றும் அது முடிவு கூறி, முழுத் தடையை விரும்பவில்லை. ஆனால் 'அளவோடு' என்னும் அச்சொல் அளக்கத்தக்க பொருளுக்கே பொருந்தும்.

இன்று நாடெங்கும் நடைமுறையில் உள்ளது 1985-ஆம் ஆண்டின் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டமாகும். சரஸும் பூந்தலையாகிய கஞ்சாவும், அவை சேர்ந்த கலவைகளும் பானங்களும் இச்சட்டத்தில் அடங்கும். பூந்தலையோடு சேராத இலையும் விதையும் அவ்வரையறையிற் சேரா. எனவேதான் பாங், மாநிலங்களின் ஆயத்தீர்வைச் சட்டங்களுக்கு உட்பட்டு, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் முதலிய சில மாநிலங்களில் உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்படுகிறது. இவ்விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். ஓரிடத்து அனுமதியை மற்றோரிடத்துக்குக் கொண்டு செல்ல இயலாது.

வெண்ணெயைப் பொறுத்தவரை மற்றொன்றும் அறியத்தக்கது. குற்றத்தின் தரத்தைத் தீர்மானிக்கும்போது, கலவையிலுள்ள தூய மயக்கப் பொருளின் எடையை மட்டும் கொள்ளாது, அதனோடு கலந்த நடுநிலைப் பொருளின் எடையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என 2020-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கைப்பிடி அளவு கஞ்சாவைத்தானே சேர்த்தோம் என்று எண்ணும் இளைஞர், வெண்ணெயின் எடையும் தம்மீது சுமத்தப்படக்கூடும் என்பதை அறியார்.

ஆயுர்வேத மருத்துவத்தில் விஜயா என்னும் பெயரால் இவ்விலை சுத்தி செய்து வழங்கப்படுகிறது. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் சட்டத்தைச் சார்ந்த விதிகளில் இது நச்சுப் பொருள்களின் பட்டியலிலேயே இடம்பெற்றுள்ளது. மருத்துவரின் மேற்பார்வையிலேயே உட்கொள்ளத்தக்கது. பழைய நூல்களில் உள்ளது என்பதனாலேயே வீட்டில் காய்ச்சி உண்ணலாம் என்று கொள்ளுதல் பொருந்தாது.

நாம் செய்யத்தக்கவை

அச்சுறுத்தும் சொற்களால் இளைஞரைத் திருத்துதல் அரிது. கஞ்சாவை ஒருமுறை உண்டால் உயிர் போய்விடும் என்று ஆசிரியர் கூறினால், உண்டும் உயிரோடிருக்கும் தோழனைக் கண்ட மாணவன் ஆசிரியரின் பிற சொற்களையும் நம்பாதொழிவான். கொழுப்பிற் கரைதல், வெப்பத்தால் மாறுதல், ஈரலில் தாமதித்தல் என்னும் மூன்று உண்மைகளையும் சோதனையோடு விளக்கினால், அளவறியாமையின் ஆபத்தை அவனே உய்த்துணர்வான். வளரும் மூளைக்கு இப்பொருள் தீங்கு செய்யும் என்பதையும், கருவுற்ற மகளிரும் இருதய நோயுடையோரும் மனநோய்க்கு ஆளான குடும்பத்தினரும் இதனை அறவே விலக்க வேண்டும் என்பதையும், உண்டபின் வண்டி ஓட்டுதல் பிறர் உயிருக்கும் கேடு என்பதையும் இதனோடு சேர்த்துக் கூறலாம்.

விழாக்காலங்களிற் பாங் வழங்கும் வழக்கமுள்ள ஊர்களில் களப்பணியாளர் விழாவுக்கு முன்னரே இல்லங்களுக்குச் செல்வது நலம். பாங் கலந்த பண்டத்தைப் பிற பண்டங்களோடு ஒரே தட்டில் வைக்காதீர். கேட்காத விருந்தினருக்கு அறிவிக்காமல் அளிக்காதீர். குழந்தை எட்டும் இடத்தில் எதையும் விட்டுச் செல்லாதீர் என்னும் மூன்றையும் மக்கள் மொழியிற் கூறினால் அவர்கள் கேட்பர்.

நெய்ச் சட்டியின் ஓசை நீர் வற்றியதைத் தெரிவிக்கும். அதனுள் எவ்வளவு மயக்கம் இறங்கிற்று என்பதைத் தெரிவிக்காது. அவ்விடைவெளியை மக்களுக்கு எடுத்துரைத்தல் நம் கடனாகும்.